எட்டு விநாடி

ஒரு கதவுக்கு எண்பது வெள்ளி.
சங்கிலிப் பூட்டும் போட்டால் நூறு.
வேலை கொடுப்பவனுக்கு முகம் கிடையாது,
கைப்பேசியில் ஒரு கோய் மீன் படம், அவ்வளவுதான்.
"சிவப்பு மட்டும் வாங்கு. ஆரஞ்சு வேணாம்.
போன தடவை தீபாவளி வாழ்த்து மாதிரி இருந்துச்சு."

ஈசூனில் பின்னிரவு இரண்டரை மணி.
ஹைக்கல் கீழே, சைக்கிள் கம்பிகளுக்கு நடுவே,
மாத்தா வந்தால் ஒரு மிஸ்டு கால்.
அவன் கையில் பாதி குடித்த ஐஸ் மைலோ.
பதினேழு வயதுக்கு நாங்கள் ரொம்ப ஒழுங்கு:
மின்தூக்கியில் ஏற மாட்டோம், அதற்குக் கண் உண்டு.
ஒன்பது மாடியும் படிதான்.
பள்ளிப் பைக்குள்
கணக்குப் புத்தகம் இருந்த இடத்தில்
பெயின்ட் டப்பா கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

ஆறாவது மாடியில் யாரோ தூக்கத்தில் இருமினார்கள்.
ஏழில் ஒரு சீன வீட்டு வாசலில்
சாமிக்கு வைத்த ஆரஞ்சுப் பழங்கள், சிவப்பு பல்பு.
எட்டில் ஒரு பூனை என்னை மேலும் கீழும் பார்த்து,
இவன் ஒன்றுமில்லை என்று முடிவு செய்து,
திரும்பிப் படுத்துக்கொண்டது.

கோடியிலிருந்து மூன்றாவது வீடு.
வாங்கியவர் பெயர் எனக்குத் தெரியாது.
கேட்டால் கை நடுங்கும் என்பான் மீன்.
நிலையில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம்,
தீபாவளி போய் நான்கு மாதமாகியும் பச்சை.

டப்பா மூடியை ஐம்பது காசால் நெம்பும்போதுதான் பார்த்தேன்.
கம்பிக்கதவின் கீழே
விரித்த செய்தித்தாளின் மேல்
ஒரு ஜோடி வெள்ளைப் பள்ளிக் காலணி.
பூச்சு பூசிக் காய வைத்தது. தொட்டால் ஒட்டும் ஈரம்.
என் கை நீளம்தான் இருக்கும்.
ஒன்றின் நாக்கில் பேனாவால் 'இ'.
மற்றதில் 'வ'.
விடிந்தால் திங்கள்.

பெரிதாக எதுவும் நடக்கவில்லை.
தாளோடு தூக்கி
பக்கத்து வீட்டுச் செருப்பு அலமாரிமேல் வைத்தேன்.
பிறகு என் வேலையைச் சரியாகவே செய்தேன்.
கதவு, கம்பி, மணி, தோரணம் எல்லாம் சிவப்பு.
சுவரில் வீட்டு எண்ணும், கடன் வாங்கினால் கட்டு என்பதும்.
பூட்டு. படம். அனுப்பு.
மீன் ஒரு கட்டைவிரல் காட்டியது.
ஹைக்கல் மிச்ச மைலோவை எனக்குக் கொடுத்தான்.
ஐஸ் கரைந்து தண்ணீராகியிருந்தது.

நான்காம் நாள் வந்தார்கள். அம்மா இரவு வேலையில் இருந்தாள்.

விசாரணை அறையில் எலும்புக்குள் குளிர்.
அதிகாரி தமிழர், என் மாமா பையன் வயது.
திரையை என் பக்கம் திருப்பினார்.
"அந்த வீட்டுல கேமரா கிடையாது தம்பி.
பக்கத்து வீட்டு ரோஜாத் தொட்டியிலதான் இருந்துச்சு.
நீ அங்க போகலன்னா எங்களுக்கு உன் முதுகுதான்.
எட்டு விநாடி. நேரா முகம்.
எதுக்குடா போன?"

"ஈரம்" என்றேன்.

"என்னது?"

"ஷூ ஈரமா இருந்துச்சு சார்."

தட்டச்சில் இருந்த விரல்கள் நின்றன.
எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தேடினார் போல.
கடைசியில் எங்கேயும் எழுதவில்லை.
பிரம்பு பற்றிச் சொன்னார்.
எத்தனை என்று நான் கேட்கவில்லை.
பிறகு, கேட்காமலே, இதையும் சொன்னார்:
சங்கிலியை அறுக்க ஆள் வந்தபோது பதினொன்றரை.
பிள்ளை உள்ளே சீருடையோடு,
காலுறை போட்டுக்கொண்டு,
பையைக் கழற்ற மாட்டேன் என்று அழுததாம்.

அவர் மறுபடி ஓட விட்டார்.
சாம்பல் நிறத்தில் ஒருவன் குனிகிறான்.
அலமாரிமேல் தாளை விரிக்கிறான்.
மாறி விழுந்த இரண்டையும்
இடது இடப்பக்கம், வலது வலப்பக்கம்
என்று நேராக்கி வைக்கிறான்.

அதை நான் செய்தது
எனக்கு நினைவில்லை.