அரை நாள் வாடகை

மாட்டுத்தாவணியில் ஏறினார்.
பாரஸ்மல். அறுபதைத் தொடும் வயது.
பம்புசெட் பேரிங் வியாபாரம், சௌகார்பேட்டை.
வசூலுக்கு வந்தவரைச்
சாயங்காலம் வரச் சொல்லிவிட்டார்களாம்
கீழமாசி வீதிக் கடையில்.
"அரை நாள் கீது, தவமணி.
கோயில் பாத்தாச்சு, மஹாலும் பாத்தாச்சு.
வேற இன்னா கீது உங்க ஊர்ல?"

சேட்டு வாயில் மெட்ராஸ் பாஷை.
கண்ணாடியைச் சரிசெய்வதுபோல்
சிரிப்பை அடக்கினேன்.

கல் இருக்கு சார். மணல் இருக்கு.
ரெண்டுக்கும் நடுவே வெயில்.

"அதான் எங்க ஊர்லயும்" என்றார்.
பார்மேர். பதினோரு வயதில் ரயிலேறியவர்.
சிக்னலில் போனை நீட்டினார்:
சீப்பால் வாரிவிட்ட மணல்மேடு,
ஒட்டகத்தின் அலட்சிய உதடு.
யாரோ அனுப்பிய படம்.
அவர் எடுத்தது இல்லை.

யானைமலை முதலில்.
ஒத்தக்கடை நான் பிறந்த ஊர் என்பதால்
கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியே வண்டியை நிறுத்தினேன்.
"இது எப்ப எழுந்துக்கும்?"
எழுந்தா நேரா ஹைகோர்ட்டுக்குத்தான் சார் போகும்,
இந்தா எதிர்லயே இருக்கு,
உடம்பை வெட்டிப் பார்த்தவங்க மேல கேஸ் போட.
வாய்விட்டுச் சிரித்தார்.
யானை சிரிக்கவில்லை.

சுற்றுச்சாலை முழுக்க அனல்.
கானல் ஓடிய இடத்திலெல்லாம்
"தண்ணி, தண்ணி" என்று சின்னப்பிள்ளைபோல்
விரல் நீட்டிக்கொண்டே வந்தார்.

கொங்கர் புளியங்குளத்துக்கு
எத்தனையோ பேரைக் கொண்டுவந்து விட்டிருக்கிறேன்.
புளியமர நிழலில் சீட்டைச் சாய்த்துத் தூங்குவேன்.
மேலே போனதில்லை.
இன்று அடிவாரத்திலேயே செருப்பைக் கழற்றி வைத்தார் அவர்.
பாறை தோசைக்கல்.
வயசான மனுசன் வெறுங்காலோடு ஏற
நான் மட்டும் எப்படி உட்கார்ந்திருக்க?

குகைக்குள் குளிர்ச்சி.
ஆள் நீளத்துக்குக் கல்லைச் செதுக்கிய படுக்கைகள்,
தலைமாட்டில் மட்டும் ஒரு சின்ன மேடு.
ஈராயிரம் வருசமாக
யாரும் போர்வை மடிக்காத ஹாஸ்டல் மாதிரி.
அவர் படுக்கவில்லை.
மண்டியிட்டு ஒரு படுக்கையைச் சாணால் அளந்தார்.
"எங்க அம்மா கடைசி பதினேழு நாளு
தரைலதான் படுத்துனு இருந்தா."
அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
வௌவால் ஒன்று இடம் மாறித் தொங்கியது.

நெற்றிப் பாறையில் எழுத்து.
சுள்ளி பரப்பியதுபோல் கோடு கோடாக.
இங்கே கூரை போட்டுக் கொடுத்தவர் பெயராம்,
தொல்லியல் பலகை சொன்னது.
நிமிர்ந்து நெடுநேரம் பார்த்தார்.
"குடுத்தவன் பேரு கீது.
வாங்குனவன் பேரு இல்ல.
நம்ம நோட்டுல தலைகீழ்."

இறங்கும்போது
என் குதிகாலில் ஒரு கொப்புளம்.

திரும்பும் வழியில் துவரிமான்.
ஆறு காட்டுறேன் என்று சொல்லிவிட்டு
மணலைக் காட்ட எனக்குக் கூச்சம்.
வைகை என்றேன்.
சீமைக்கருவேலம், ஒரு கிழிந்த சாக்கு,
கிரிக்கெட் ஸ்டம்பாக நட்ட மூன்று செங்கல்.

அவர் நடுவில் போய் நின்றார்.
வலது காலால் மணலைத் தட்டிப் பார்த்தார்,
தர்பூசணிக்காரன் பழத்தைத் தட்டுவதுபோல.
பிறகு வேட்டியைத் தூக்கிக் கட்டி உட்கார்ந்து
இரண்டு கையாலும் தோண்டினார்.
முழங்கை ஆழம்.
சரிந்தது. மறுபடி அள்ளினார்.
மஞ்சள் மணல் பழுப்பானது,
பழுப்பு கறுத்தது,
கறுப்பு மெல்ல வேர்த்தது.

ஒரு உள்ளங்கைத் தண்ணீர்.
கலங்கி, தெளிந்து, துண்டு வானத்தோடு.

"அப்பா காட்டிக் குடுத்தாரு" என்றார்,
"ஏரி காஞ்சா அடில கேக்கணும்னு."
அந்த முகத்தைப்
போட்டோ எடுக்கத் தோன்றி, எடுக்காமல் விட்டேன்.

போன் அடித்தது. கீழமாசி வீதி.
"நாளைக்கு வாங்க சேட்டு."
ஈரக் கையை உதறிக்கொண்டு கேட்டார்:
"நாளிக்கு இன்னா கீது பாக்க?"

இந்தக் குழி மூடாம இருக்கான்னு
வந்து பார்ப்போம் சார், என்றேன்.