இருபது தெத்ரி

திபிலிசியின் ஓரத்தில்
எங்கள் கட்டடத்து லிஃப்ட்
காசு போட்டால்தான் நகரும்.

இரவுப் பணி முடிந்து வந்தாள் லமாரா.
ஒரு கையில் உருளைக்கிழங்கு, மறு கையில் ரொட்டி.
வீடு ஒன்பதாம் மாடியில்.
பையைத் துழாவினாள்:
சாவி, கிழிந்த பேருந்துச் சீட்டு,
எந்தக் குளிர்காலத்திலோ வாங்கிய இருமல் மிட்டாய்.
சில்லறை மட்டும் இல்லை.

காசுப்பெட்டியின் தலைமேல்
இருபது தெத்ரி நாணயம் ஒன்று
யாரும் கேட்காமலே உட்கார்ந்திருந்தது.

யார் வைத்திருப்பார்கள்?
மூன்றாம் மாடி எத்தேரியா?
அவள் ஊருக்கே அறிவித்துவிட்டல்லவா கொடுப்பாள்.
ஐந்தாம் மாடி நுக்ஸாரா?
வணக்கம் சொன்னால்
கடன் கேட்டதுபோல் முறைக்கிறவர்.

மறுநாள் லமாரா இரண்டு காசு வைத்தாள்.
வாரக் கடைசியில் அது ஏழாயிற்று.
திங்களன்று
யாரோ மொத்தமாய் வழித்துக்கொண்டு போனார்கள்.

"பார்த்தாயா, இவ்வளவுதான் மனிதர்கள்!" என்றாள் எத்தேரி.
"ஏழு தரம் ஏற வேண்டியிருந்திருக்கும், பாவம்"
என்று சொல்லி
லமாரா எட்டாவது காசை வைத்தாள்.

பிப்ரவரியில் ஒருநாள் மின்சாரம் போனது.
படிக்கட்டில் கைப்பிடியைத் தடவித் தடவி
அவள் ஏறிக்கொண்டிருந்தபோது
ஐந்தாம் மாடிக் கதவு திறந்தது.
டார்ச்சோடு நுக்ஸார்.
ஒரு வார்த்தை இல்லை.
அவள் காலுக்கு ஒரு படி முன்னால்
வெளிச்சத்தைப் போட்டபடியே
ஒன்பதாம் மாடிவரை வந்தார்.
நன்றி சொன்னாள்.
முறைத்தார்.

அவர் இறங்கிப்போக
படிக்குப் படி
கோட்டுப் பையில் குலுங்கியது
சில்லறை.