ஏழாவது கறவை

செவ்வாய் இரவு தொடங்கியது.
இன்று என்ன கிழமை என்று
பசுக்களைத்தான் கேட்க வேண்டும்.
விடிந்தால் ஒன்று, அடைந்தால் ஒன்று,
ஏழு கறவை முடிந்திருக்கிறது.
அப்படியானால் சனி.

ஒன்டாரியோ ஏரி
கிடந்த இடத்தில் கிடக்கப் பிடிக்காமல்
எழுந்து வந்து எங்கள் மேட்டில் படுத்துக்கொண்டது.
சமையலறை ஜன்னலில் இப்போது வானம் இல்லை,
பழைய பல்லின் நிறத்தில் ஒரு சுவர்.
பின்கதவு வெளிப்பக்கம் திறப்பது.
அதை வைத்த தச்சன்
ஜூலை மாதத்தில் வேலைக்கு வந்திருப்பான்.

மாடி ஜன்னல் வழியாக இறங்கினேன்,
ஐம்பத்தாறு வயதில்.
பதினாறு வயதில் என் மகள்
யாரோ ஒருவனைப் பார்க்க இறங்கிய அதே ஜன்னல்.
அன்று கத்தித் தீர்த்தேன்.
நல்ல வழியாகத்தான் பார்த்து வைத்திருக்கிறாள்.

கொட்டகைக்கு அறுபது அடி.
துணிக்கொடியை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு
கொஞ்சம் நீச்சல், கொஞ்சம் தவழல்.
கதவை நெம்பியதும்
முகத்தில் மோதுகிறது நாற்பத்திரண்டு பேரின் மூச்சு.
சாணம், புளித்த தீவனம், ஈரச் சூடு.
அங்கேயே நின்று
என் விரல்கள் எனக்குத் திரும்பி வரும்வரை
ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லித் திட்டினேன்.

வில்லார்ட் வாட்டர்டவுன் மருத்துவமனையில்,
புது முழங்காலை நீட்டிக்கொண்டு.
போனில் சொல்கிறான்:
கூரையைக் கவனி,
உத்திரம் முனகினால்
மாடுகளை வெளியே விரட்டிவிடு.
எங்கே விரட்டுவது, வில்லார்ட்?
வெளியே என்று ஒன்று இப்போது இல்லை.

பால் தொட்டி வியாழனே நிறைந்துவிட்டது.
வண்டி ஓட்டும் ட்வெய்ன் அழைத்தான்.
பனி தள்ளப் போன வண்டியைத்
தள்ளி எடுக்க
இன்னொரு வண்டி போயிருக்கிறதாம்.
அதைப் பற்றித் தகவல் இல்லையாம்.
மடிக்கு இதெல்லாம் தெரியாது.
மடி சாலையைப் பார்த்துச் சுரப்பதில்லை.

அடைப்பைத் திறந்தேன்.

வெள்ளையில் வெள்ளை, கண்ணுக்கே தெரியாது
என்று நினைத்திருந்தேன்.
பனிக்குப் பக்கத்தில் பால் மஞ்சள்.
முப்பது வருஷம் இதிலேயே கை நனைத்தவளுக்கு
இப்போதுதான் தெரிகிறது.
மூவாயிரம் லிட்டர்.
பனி மெதுவாக உள்வாங்கி
கொட்டகை ஓரம் ஒரு பள்ளமானது.
பூனை வந்து விளிம்பில் உட்கார்ந்து
இரண்டு நக்கு நக்கிவிட்டு
போதும் என்று போய்விட்டது.

அழவில்லை.
அழுதால் இமை ஒட்டிக்கொள்ளும் குளிர்.
உள்ளே போய் காப்பி போட்ட பிறகுதான்
ஒரு குவளைகூட எடுத்து வைக்கவில்லை என்பது உறைத்தது.
கறுப்பாகவே குடித்தேன்.

இன்று மதியம்
பனிக் காலணியில் ஓர் உருவம்.
நார்பர்ட்.
எல்லையில் நிற்கும் ஏழு மேப்பிள் மரங்களுக்காக
ஒன்பது வருஷம் பேசாத நார்பர்ட்.
அந்த வேலியின் மேல்தான் நடந்து வந்திருப்பான்.
எந்த இடத்தில் தாண்டினான் என்று
அவனுக்கும் தெரிந்திருக்காது.

உறைந்த தாடியோடு வாசலில் நின்று
அறுந்த பெல்ட்டைக் காட்டினான்.
கறவை இயந்திரத்துடையது.
நேற்றிலிருந்து கையால் கறக்கிறானாம், முப்பத்தொன்றை.
கையுறையைக் கழற்றவில்லை. கழற்றச் சொல்லவும் இல்லை நான்.
ஆணியில் தொங்கிய உபரி பெல்ட்டை எடுத்து நீட்டினேன்.
அளவு பார்த்தான். தலையாட்டினான்.

திரும்பியவன் பள்ளத்தருகே நின்றான்.
"எவ்வளவு?"
"மூவாயிரம்."
"எனக்கு இரண்டாயிரத்து நூறு."
பிறகு இருவரும் கொஞ்ச நேரம்
அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவன் தடம்
அவன் கண்ணுக்கு மறையும் முன்பே தூர்ந்துவிட்டது.
பெல்ட்டுக்குக் காசு கேட்டிருக்கலாம்.
மரங்கள் என்னுடையவைதான்,
அதில் மாற்றமில்லை.

கூரையில் ஏதோ முனகுகிறது.
காற்றாக இருக்கலாம்.
கயிற்றை இடுப்பில் கட்டுகிறேன்.
எட்டாவதற்கு நேரமாகிறது.