ஈரப்பதம் பதினெட்டு

உலான்பாத்தரில் மைனஸ் முப்பத்துநான்கு.
ஈரமூட்டியின் குழாய் உறைந்து வெடித்த இரவு,
காஷ்மீர் ஆலையின் சீவுகூடத்தில்
ஓர் இழைகூட ஒழுங்காய் இறங்கவில்லை.

அளவுமானியில் பதினெட்டு.
அறுபதுக்குக் கீழே போனால் கம்பளி கலகம் செய்யும்
என்று பயிற்சியில் சொன்னார்கள்.
கலகம் பெரிய சொல்.
நான் பார்த்தது இவ்வளவுதான்:
ஒரே ஆட்டின் மேல்மயிருக்கு அடியில்
ஒட்டிப் படுத்துக் குளிர்காலம் கழித்த இழைகள்
பல்லுருளையை விட்டு வந்ததும்
ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்க மறுத்தன.
தள்ளி, விரிந்து, விறைத்து
கூடமே
நாயைக் கண்ட பூனையின் வாலாய் உப்பியது.

பகை ஏதுமில்லை. எல்லாம் ஒரே மாதிரி இழந்தவை.
நைலான் பட்டையில் உரசி வரும் இழை
தன் எலக்ட்ரான்கள் சிலவற்றை அங்கேயே விட்டு வருகிறது.
பட்டை திருப்பித் தருவதில்லை.
ஒரே குறை உள்ளவை
ஒட்டி இருக்க முடியாது.
இது இயற்பியல். என் மேல் கோபப்பட வேண்டாம்.

உரசல் எதையும் உண்டாக்குவதில்லை.
இங்கே குறைந்தது அங்கே கூடியிருக்கும்,
இரண்டையும் கூட்டினால் பழைய கணக்கே வரும்.
இதைத்தான் துல்மாவிடம்
ஆறு மாதமாய் விளக்கப் பார்க்கிறேன்.
மூன்று லட்சம் துக்ரிக்.
என் பையிலிருந்து போனது,
காற்றில் கரைந்திருக்காது.
அவளோ "அது எப்போதோ தீர்ந்த விஷயம்" என்கிறாள்.

துல்மாவுக்கு நான்காம் எந்திரம். எனக்கு ஐந்தாம்.
நடுவே ரப்பர் விரிப்பு, ரப்பர் செருப்பு,
ஒரு சொல்லும் கிடையாது.
எந்திரங்களுக்காவது செம்புப் பட்டை உண்டு,
தரைக்குள் இறங்கி
சேர்ந்ததையெல்லாம் பூமியிடம் கொட்டிவிட.
கொடுத்தாலும் எடுத்தாலும் பூமிக்கு முகம் மாறாது,
அவ்வளவு பெரியது.
எங்கள் கணுக்காலில் யாரும் பட்டை கட்டவில்லை.

இரண்டு மணிக்கு மேற்பார்வையாளர் கன்சூக்
குழாயடியிலிருந்து ஸ்பானர் கேட்டார்.
அது துல்மாவிடம் இருந்தது.
என்னைப் பார்க்காமல் நீட்டினாள்.
அவளைப் பார்க்காமல் கை நீட்டினேன்.
மூன்று மில்லிமீட்டர் மிச்சமிருக்கையில்
காற்று பொறுமை இழந்தது.
நீலமாய் ஒரு கீறல்.
டப்.

எட்டாயிரம் வோல்ட் இருக்கும், என்றார் கன்சூக்.
பயப்படாதே, அழுத்தம்தான் பெரிசு, சரக்கு கொஞ்சம்.
பொறியைச் சொன்னாரா
துல்மாவைச் சொன்னாரா, தெரியவில்லை.

ஸ்பானர் கீழே கிடந்தது.
"ஆ" என்றிருந்தோம், இருவரும் ஒரே நேரத்தில்.
ஆறு மாதத்தில் சேர்ந்து சொன்ன ஒரே எழுத்து.
அந்த நொடிக்குப் பிறகு அவளும் நானும்
ஒரே மட்டத்தில் இருந்தோம் என்கிறது பாடநூல்.
இருந்திருப்போம்,
யாராவது அடுத்த அடி எடுத்து வைக்கும்வரை.

நாலரைக்குப் புதுக் குழாய்.
சீறிக்கொண்டு ஆவி இறங்கியது.
முப்பது. நாற்பத்தைந்து. அறுபத்திரண்டு.
இழைகள் ஒவ்வொன்றாய்த் தோள் தாழ்த்தி
பக்கத்து இழைமேல் சாய்ந்தன.
ஈரக் காற்றில் மின்னூட்டம்
யாருக்கும் கேட்காமல் கசிந்து போய்விடும்.
கடன் கசியாது. அதையும் கவனித்தேன்.

காலைப் பேருந்து.
கம்பளித் தொப்பியைக் கழற்றியதும்
என் தலைமயிர் எழுந்து நின்றது.
முன் இருக்கையில் துல்மா, கருநீல மேலங்கி,
முதுகில் வெள்ளையாய் ஓர் இழைத் துணுக்கு.
நான்காம் எந்திரத்துடையதா, ஐந்தாமா?
எடுத்துவிடலாம் என்று விரல் நீட்டினேன்.
தொடுமுன்பே துள்ளி வந்து ஒட்டிக்கொண்டது.

அதனிடம் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.
அப்படிப்பட்டதும் வரும்.
அருகில் ஒருவர் வந்தால்
தனக்குள்ளேயே கொஞ்சம் நகர்ந்து
ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டும்.
அந்த நகர்வு போதும்.

உதறினேன்.
போகவில்லை.