ஏழாம் பந்தி

குருமண்வெளியில் பாதை இன்னும் வரவில்லை.
மோட்டார் சைக்கிளை நிழலில் விட்டு
படிவத்தின் ஏழாம் பந்தியை
துறையடியிலேயே நிரப்பத் தொடங்கினேன்.
குடும்பச் சூழல்.
பதினொரு வருட வேலை, கை தானாக எழுதும்:
தகப்பன் பொறுப்பில்லை.
தாய் கண்டிப்பில்லை. ஒத்துழைப்பு குறைவு.

பையனுக்குப் பதினைந்து.
வயலில் கிடந்த தண்ணி மோட்டரைக் கழற்றி
பழைய இரும்புக்காரனுக்கு விற்றவன்.
மூன்று தவணைக்கும் தகப்பன் வரவில்லை.

மண்டூர் தாண்டி
வாய்க்கால் கட்டால் நாலு கிலோமீற்றர்.
புஸ்பமலர் கதிரையைத் துடைத்தாள்.
துடைத்ததையே திரும்பவும் துடைத்தாள்.
தகப்பன் உள்ளே நித்திரை. பகல் பதினொரு மணி.
"குடியா?" என்றேன்.
"யானைக் காவல் மிஸ், விடிய விடிய,
வேறாக்கள்ற வயலுக்கு.
கோட்டுக்கு வந்தா
அண்டைக்கு உறக்கமும் இல்ல, காசும் இல்ல."

"அப்ப ராவையில மகன் எங்க போறான் எண்டு
ஆர் பாக்கிற?"
அவள் கதிரையைப் பார்த்தாள்.

மூலையில் மகள், நிதுர்ஷிகா, ஒன்பதாம் வகுப்பு,
நாற்பது பக்கக் கொப்பியில் எதையோ எழுதினாள்.
வீட்டு வேலையா என்று கேட்டேன்.
"இல்ல மிஸ், நீங்க வாறதத்தான்.
கோட்டுல திகதி கேட்டவங்க.
அம்மாவுக்குச் சொல்லத் தெரியல்ல, ஏசிப்போட்டாங்க.
மறுகாதான் நான் எழுதுறன்."
கொப்பியை நீட்டினாள்.

மாசி 6. ஜீ.எஸ். ஐயா. முத்தத்துல நிண்டவர்.
மாசி 19. பொலிஸ் ரெண்டு பேர்.
கோழிக்கூட்டையும் திறந்து பாத்தவங்க.
பங்குனி 2. நன்னடத்தை மிஸ்.
அண்ணனப் பேர் சொல்லிக் கூப்பிடல்ல.
அப்பா எங்க எண்டு கேட்டவ,
சொல்ல முதல் எழுதிப்போட்டா.
தேத்தண்ணி குடிக்கல்ல.

பங்குனி 2 நான்தான்.
அன்றைய என் குறிப்பில்
இந்தப் பிள்ளையே இல்லை.
'வீட்டில் வேறு ஒருவர்' என்று இருந்தது.

தேத்தண்ணி வந்தது. குடித்தேன்.
சீனி கூட. அதையும் எழுதியிருப்பாள்.
பின்னால் விறகு கொத்திக்கொண்டிருந்தவனை
"ஜதுர்சன்" என்று கூப்பிட்டேன்.
இரண்டாம் முறைதான் திரும்பினான்.

திரும்பும்போது பாதையில் சனம்.
ஏழாம் பந்தியில் எழுதியதை வெட்டினேன்.
மிச்சமிருந்த இடம் ஒன்றரை வரி.
நடு ஆற்றில், பக்கத்தில் நின்றவர்
மீன் பெட்டியில் கையை ஊன்றிச் சொன்னார்:
"மோட்டர்க் களவெடுத்த பொடியன்ட வீட்டுக்கா போன?
தகப்பன் பொறுப்பில்ல மிஸ்.
தாய்க்காரி கண்டிக்கிறல்ல."

அவர் என் படிவத்தைப் பார்த்ததில்லை.
பேனை மூடியைத் தேடினேன்.
அது அந்த வீட்டுக் கதிரையில்.