தங்கூசி

மெம்பர் விழுங்கியது
நல்லரத்தினத்தின் தூண்டில் முள்ளை.
வாயோரம் ஒரு முழம் தங்கூசி தொங்க
வேலியடியில் நின்று
என்னைப் பார்த்தான்,
அவரைப் பார்த்தான்.

எட்டு மாதமாய் நாங்கள் பேசுவதில்லை.
வேலி ஒன்றரை அடி நகர்ந்ததென்று நானும்
நகரவே இல்லையென்று அவரும்
இணக்கசபையில் மூன்று தவணை சொல்லியாயிற்று.
இழுக்கப்போன என் கையைத் தட்டிவிட்டு
நுனியைத் தன் இரண்டு விரலுக்குள் எடுத்துக்கொண்டார்.
"இழுத்தாக் குடலும் வரும்" என்றார்,
என்னிடமல்ல, நாயிடம்.

மண்டூர்த் துறைக்கு ஓடினால்
பாதை அக்கரையில் நிற்கிறது.
அது ஆடி அசைந்து வந்து
நாலு மோட்டார் சைக்கிளை ஏற்றும்வரை நின்றோம்.
மோட்டார் சைக்கிளுக்குக் காசு, நாய்க்கு இல்லை.
தலை என் மடியில்.
நூல் அவர் விரலில்,
இறுகவும் இல்லை, தளரவும் இல்லை,
ஆற்றில் கொடுவா முகர்ந்து பார்க்கும்போது
மூச்சடக்கிப் பிடிப்பாரே, அப்படி.
குருமண்வெளியில் இறங்கி ஓட்டோ.
களுவாஞ்சிகுடிவரை ஒவ்வொரு குழிக்கும்
அந்த விரலும் சேர்ந்து குதித்தது.

மிருக வைத்திய நிலையத்து வாங்கில்
எங்களுக்கு முன்னால் ஐந்து பேர்.
உரப்பைக்குள் பூனையோடு ஒரு ட்யூஷன் பிள்ளை.
ஒரேயொரு கோழியைக் கொண்டுவந்து
நாற்பது கோழியின் நோயைச் சொல்லும் ஒருத்தி.
அரிசி தின்று ஊதிய ஆட்டோடு
மருதமுனை ஸாதிக்கீன்.
"போன முறையும் இவதான் காப்பாத்தின.
ஊசிக்குப் பயமில்ல, அவட வாய்க்குத்தான் பயம்"
யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தவர்
தங்கூசியைக் கண்டதும் எழுந்தார்.
ஆடும் எழுந்தது.
"நீங்க முதல்ல போங்க."

டொக்டர் நிமேஷா குருநாகல்காரி.
தமிழை வாகரைப் பக்கத்துப் பட்டிகளில்
மாடு மேய்ப்பவர்களிடம் கற்றவள்;
அவர்கள் மாட்டோடு பேசியதையும் சேர்த்துக் கற்றுவிட்டாள்.
"ஒதுங்குகா" என்றாள்.
மூன்று பேரும் ஒதுங்கினோம்.

மெம்பர். ஆண். நாலு வயது.
"என்ன பேர் இது?"
"சோத்து நேரத்துக்கு மட்டும்தான் வருவான், டொக்டர்."
சிரிக்காமல் எழுதினாள்.
"யாருட நாய்?"
"என்ட."
"யாருட முள்ளு?"
"என்ட" என்றார், தரையைப் பார்த்து.
உரிமையாளர் என்ற சின்னக் கட்டத்துக்குள்
இரண்டு பெயர்கள், ஒன்றின் வால் மற்றதன்மேல் ஏறி.

மயக்க ஊசி.
எக்ஸ்ரே இங்கே இல்லை, அவள் விரல்தான்.
சேலைன் குழாயில் அரை அடி வெட்டி
மணி கோர்ப்பதுபோல் தங்கூசியில் கோத்து
தொண்டைக்குள் இறக்கினாள்.
"விடு. இப்ப பிடி.
பிடிகா, விடாத."
அவர் மூக்கு நுனியில் வேர்வை.
அவர் சட்டையை நான் கசக்கிப் பிடித்திருந்தது
பிறகுதான் தெரிந்தது.
பொத்தான் கழன்றதுபோல் ஒரு சின்னச் சத்தம்.
முள் வந்தது,
பாதி இறாலோடு.

"நூலை வெட்டியிருந்தா நான் தேட ஏலாது.
இழுத்திருந்தா நாய் இல்ல.
உன்ட புருசன் கெட்டிக்காரன்."
திருத்த வாயெடுத்தேன்.
அவர் முந்திக்கொண்டார்:
"முள்ளைத் தருவீங்களா?"

கழுவித்தான் தந்தாள்,
மாத்திரை உறைக்குள் போட்டு.
உறையில்: காலை ஒன்று, இரவு ஒன்று.

திரும்பும் பாதையில்
மயக்கம் தெளியாத மெம்பருக்கு
அவர் செருப்பு தலையணை. வால் என் காலில்.
மூன்று நாள் கஞ்சி மட்டும், முள்ளும் எலும்பும் கூடாது.
"எங்கட பக்கத்திலயும் போடமாட்டன்" என்றார்,
ஆற்றிடம்.

பதினாலாம் தேதி நாலாம் தவணை.
அந்த ஒன்றரை அடியை நான் விடப்போவதில்லை.
அவர் சுட்டுவிரலில் தங்கூசி அறுத்த கோடு
அதற்குள் ஆறிவிடும்.