பூசாத முனை

மடிவாளா ஆய்வகத்தில், பழைய தினத்தாள் விரித்த மேசைமேல்
நாற்பத்தியொரு தோட்டாக்கள்.
காக்ஸ் டவுனில் பங்களா ஒன்றை இடித்தபோது
மாடிப்படிக்கு அடியில் அகப்பட்ட தகரப்பெட்டி.
இடித்தவர்கள் பித்தளை என்று
ஜாலி மொஹல்லா முனவர் பாயிடம் கொண்டுபோக
அவர் தராசில் வைத்தார், பார்த்தார்,
எடைக்கல்லைக்கூட எடுக்காமல்
காவல் நிலையத்துக்கு நடந்தே போனாராம்.

என் வேலை எழுதுவது.
உமேஷ் சார் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவார்.
நீளம், எடை, அடிவட்டத்து எழுத்து, நிறம், உபயோகம்:
ஐந்து கட்டம்.

"எஸ்தர், கறுப்பு."
கவசம் துளைப்பது.
செம்புத் தோலுக்குள் எஃகு,
பலாச்சுளைக்குள் கொட்டை மாதிரி.
"சிவப்பு."
சுவடு காட்டுவது. வாலில் நெருப்பு ஏந்திப் போகும்,
சுட்டவன் தன் குறி எங்கே பிசகியது என்று
இருட்டில் பார்த்துக்கொள்ள.
எங்கிருந்து சுட்டான் என்று
எதிரே இருப்பவனும் பார்த்துக்கொள்ளலாம்.
அதை எழுதக் கட்டமில்லை.
"நீலம்."
தீ வைப்பது. விமானத்தின் எண்ணெய்த் தொட்டிக்கு.
"வெள்ளி, ஒன்றே ஒன்று."
துளைத்துவிட்டுக் கொளுத்துவது.

இது அமெரிக்கக் கணக்கு என்றார் சார்.
யுத்த காலத்தில் இந்த ஊரில்
அவர்கள் விமானம் பழுதுபார்த்திருக்கிறார்கள்.
பெட்டியில் இரண்டு மட்டும் இங்கிலீஷ்காரனுடையவை.
அவன் முனையைத் தொடமாட்டான்;
அடியில், ஊசி குத்தும் இடத்தைச் சுற்றி
மெல்லிய வளையம் தீட்டுவான்.
அவனுக்குக் கவசம் துளைப்பது பச்சை.
கறுப்போ, பட்ட இடத்தில் புகைந்து காட்டுவது.
நிறத்தை நம்பாதே,
பூசியவன் யார் என்று முதலில் கேள்.

எண்பது வருஷத்தில் சிவப்பு செங்கல்லாகியிருந்தது.
இங்கிலீஷ்காரனின் ஒரு வளையம்
பச்சையா, பித்தளையில் பிடித்த களிம்பா?
சாருக்கும் எனக்கும் வழக்கு.
பெட்டியோடு காவலுக்கு வந்த ஹாலப்பாவைக் கூப்பிட்டு
"யாவ பண்ணா?" என்றேன்.
குனிந்தார், நிமிர்ந்தார், கதவைப் பார்த்தார்.
"மேடம், எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான்.
சிக்னல்ல மேல எரிஞ்சா நில்லு, கீழ எரிஞ்சா போ.
வேலைக்குச் சேர்றப்போ
முன்னால நின்னவன் சொன்னதையே நானும் சொன்னேன்."
சார் சிரித்து மேசை ஆடியதில்
ஒரு தோட்டா உருண்டது.
மூன்று பேரும் மூச்சை நிறுத்தினோம்.
விளிம்பில் நின்றது.

அது பூசாத ஒன்று.

பூசாதவை இருபத்தைந்து இருந்தன.
வெறும் செம்பு முனை, சொரணையற்ற பளபளப்பு.
"நிறம்?"
"எதுவுமில்லை."
"உபயோகம்?"
சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
"சாதாரணம்னு போடுங்க."
போட்டேன்.
அடுத்த வரியில் மேற்படி. அதற்கடுத்ததில் மேற்படி.
கட்டம் முழுக்க மேற்படி இறங்கிப்போனது.
பதினெட்டாவது மேற்படியில்தான் பேனா நின்றது.
கறுப்பு இரும்புக்கு. நீலம் எண்ணெய்க்கு.
சிவப்பு கண்ணுக்கு.
சட்டைக்கு உள்ளே இருப்பதைச் சுட
யாரும் தூரிகை எடுக்கவில்லை.
மிச்சம் ஏழையும் எழுதி முடித்தேன்.
சம்பளம் அதற்குத்தான்.

சாயங்காலம் கமர்ஷியல் தெரு.
நாத்தனார் மகள் நிச்சயத்துக்கு
ரவிக்கைத் துணி எடுக்க வேண்டும்.
மேட்சிங் கடைப் பையன் சுவர் முழுக்கக் கை நீட்டினான்:
"எந்த நீலம்க்கா? ஆனந்தா நீலமா, இங்க் நீலமா,
மயில்கழுத்தா?"
சேலைத் தலைப்பை விரித்தேன்.
குழல்விளக்கடியில் ஒரு நிறம், வாசலில் ஒரு நிறம்.
நான்கு தடவை வாசலுக்கு நடந்தோம்.
"லைனிங்?" என்றான்.
"உள்ள போறதுதானே, சாதாரணம் போதும்ல?"

பதில் வர நேரமானது.
அவன் காத்திருக்கவில்லை.
வெள்ளைத் துணியை இழுத்து அளந்து
ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு.
மீதியைத் துணியே கிழித்துக்கொண்டது.